ஏற்க மறுக்கப்பட்டது

பண்டாரவளையிலிருந்து குதிரை பூட்டிய தபால் கோச்சு பதுளைக்கு வந்து சேர்ந்த அரை மணி நேரத்துக்குள் வக்கீல் தொழில் செய்யும் பிறக்கிராசி மயில்வாகனத்தின் கந்தோருக்குக் கடிதங்கள் வந்துவிடும். அவற்றைப் பிரித்து ஐயாவின் மேசையில் வைப்பதுதான் குமாஸ்தா சிவஞானத்தின் முதல் வேலை. பதினொரு வருஷமாக ஒரே மாதிரிதான். உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டு, பேனாக்கத்தியால் எல்லாவற்றையும் கிழித்துவிட்டு, பிறகு ஒவ்வொன்றாக எடுத்து வாசிப்பார். வழக்குக் கடிதங்களில் மேல்விலாசத்தைப் பார்க்க என்ன இருக்கிறது? எல்லாம் ஐயாவுக்கு வருபவைதானே.

கார்த்திகை மாதத்து ஒரு புதன்கிழமை, மூன்றாவது உறைக்குள்ளிருந்து வந்த தாள் தமிழில் இருந்தது. யாரோ எழுதிக் கொடுத்த கடிதம். முதல் இரண்டு வரியை எழுதியவன் தன் வழக்கப்படி இலக்கணமாக எழுதியிருந்தான். அதற்கப்புறம் சொன்னவனின் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல், சொன்னதைச் சொன்னபடியே எழுதிக்கொண்டு போயிருந்தான்.

'வேலாயி, இங்கே மலையே இல்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் தட்டையாத்தான் கிடக்கு. வேர்த்துக் கொட்டுற வெயில்லயும் உன் கம்பளி வாசம்தான் மூக்குல நிக்குது. பேரை மாத்திக்கிட்டேன். புதுப் பேரைச் சொல்லி யாராச்சும் கூப்பிட்டா திரும்பிப் பார்க்க மறந்து போகுது. நான் ஓடியாந்தது உன்னை விட்டு இல்லை. அது உனக்குத் தெரியும்னுதான் தெனமும் கண்ணை மூடுறேன்…'

சிவஞானம் அங்கே நிறுத்தினார். உறையைத் திருப்பிப் பார்த்தார். 'பூனாகலைத் தோட்டம் வேலாயிக்கு, பதுளை பிறக்கிராசி மயில்வாகனம் ஐயா கந்தோர் மேற்பார்வை' என்றிருந்தது. தபால் முத்திரை தலைமன்னார்.

வேலாயியை அவருக்கு நினைவிருந்தது. மூன்று மாதத்துக்கு முன் இந்தக் கந்தோரின் கட்சிக்காரி. ஒரு நாள் காலை, பெரட்டுக் களத்தில் ஆட்களைக் கூப்பிட்டு நிறுத்தும் நேரத்தில், கங்காணி அவளை எல்லார் முன்னாலும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறார். அவள் புருஷன் மாரிசாமி கங்காணியின் மார்பில் கையை வைத்துத் தள்ளிவிட்டு, அப்படியே மலையிறங்கிப் போய்விட்டான். சொல்லாமல் தோட்டத்தை விட்டுப் போனால் சிறை என்பது அப்போதைய சட்டம். அவன் பேரில் பிடியாணை பிறந்தது. ஓடிப்போக உதவினாள் என்று வேலாயியையும் கோர்ட்டுக்கு இழுத்தார்கள். மயில்வாகனம் ஒரே விசாரணைத் தவணையில் அவளை மீட்டுவிட்டார். அத்தோடு முடிந்தது என்றுதான் சிவஞானம் நினைத்திருந்தார்.

கடிதத்தை மடித்து உறைக்குள் போட்டு எடுத்துக்கொண்டு ஐயாவிடம் போனார். மயில்வாகனம் யாழ்ப்பாணத்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு உறையை மட்டும் பார்த்தார்.

"ஆரைக் கேட்டு இது இஞ்ச வந்தது?"

"யாரும் கேக்கலீங்க ஐயா. தெரியாம நான் கிழிச்சிட்டேன்."

"வாசிச்சனீரோ?"

"நாலு வரி."

மயில்வாகனம் உறையைத் தொடாமலே தள்ளி வைத்தார். "சிவஞானம், அவன்ரை பேரிலை பிடியாணை இருக்கு. நாளைக்கு நீதவான் என்னைப் பாத்து, அவன் எங்கையெண்டு உமக்குத் தெரியுமோ எண்டு கேட்டால் நான் என்ன சொல்லுறது? பொய் சொல்லேலாது. உண்மை சொன்னால் அந்தப் பெட்டைக்கு நானே துரோகம் செய்தவனாவன். அதாலைதான் எனக்கு இது தெரியக்கூடாது. வந்தது வந்திட்டுது. அவள் வந்தால் குடும். இனிமேல் ஒண்டும் எடுக்கக்கூடாது."

அந்தப் பேச்சில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சிவஞானம் உறையை வழக்குக் கட்டுகளுக்கு நடுவே வைத்தார்.

அன்றைக்கு அவர் தங்கியிருந்த இடத்துக்குத் திரும்பும்போது அந்த நாலு வரியும் கூடவே வந்தது. கடைவீதியில் தன் அண்ணனின் துணிக்கடைக்குப் பின்னால் ஓர் அறையில் அவரும் வேறு நாலு ஆண்களும் இருந்தார்கள். எல்லாருக்கும் மனைவிமார் கடலுக்கு அக்கரையில், இந்தியாவில். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை, மூன்று மாதம், முறை வைத்து ஊருக்குப் போய் வருவார்கள். சிவஞானத்தின் மனைவி புஷ்பம் மணப்பாறைப் பக்கத்துக் கிராமத்தில் இருந்தாள். அவளுக்கு எழுதத் தெரியாது. அவள் அண்ணன்தான் எழுதுவார். மழை பெய்தது, மாடு கன்று போட்டது, எல்லாரும் சுகம். கல்யாணமான பதினாறு வருஷத்தில் அவளும் தானும் சேர்ந்திருந்த நாட்களைச் சிவஞானம் அன்றைக்கு முதல்முதலாகக் கூட்டிப் பார்த்தார். இரண்டு வருஷம்கூடத் தேறவில்லை. அவளுடைய வாசம் எப்படியிருக்கும் என்று யோசித்தார். வரவில்லை. அதுதான் அவரைத் தூங்கவிடாமல் செய்தது.

பத்து நாள் கழித்து வேலாயி வந்தாள். விடியுமுன் பூனாகலையிலிருந்து நடந்து, பண்டாரவளையில் ஒரு சாமான் வண்டியில் ஏறி வந்திருந்தாள். பாதமெல்லாம் செம்மண். கந்தோர் வாசலில் நின்றபடியே கேட்டாள்.

"கிளாக்கரய்யா, எனக்கு ஏதாச்சும் வந்திருக்குங்களா?"

"வந்திருக்கு. உள்ள வா. ஆனா, யாரைக் கேட்டும்மா இங்க எழுதச் சொன்ன?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "கேஸ் முடிஞ்ச அன்னைக்கு இந்த எடத்தோட வெலாசத்த நீங்கதானுங்க எழுதிக் குடுத்தீங்க. மறுபடி தொந்தரவு வந்தா காட்டச் சொல்லி. அன்னைக்கு அவரு அப்புத்தளையில அலவி நானா கடைக்குப் பின்னாடி ஒளிஞ்சிருந்தாரு. போற வழியில அத அவரு கையில குடுத்துட்டேன். வேற என்னங்க செய்ய? தோட்டத்துக்கு வர்ற கடுதாசியெல்லாம் கங்காணி பிரிச்சுப் படிச்ச பொறகுதான் நாங்க இருக்குற லயத்துக்கு வரும். நானா கடையிலயும் கங்காணி ஆளுங்கதான் வந்து குந்தியிருக்காங்க. ஒங்கள மொதல்லயே கேட்டா வேணாம்னு சொல்லிருவீங்கன்னு பயமா இருந்துச்சு."

தன் கையெழுத்துதான் அந்தக் கடிதத்தைக் கூட்டிவந்திருக்கிறது என்று அப்போதுதான் சிவஞானத்துக்குத் தெரிந்தது. அவளை உட்காரச் சொன்னார். அவள் பெஞ்சில் உட்காராமல் தரையில் உட்கார்ந்தாள்.

"உன் கடிதத்தை நான் தவறிப்போய்ப் பிரிச்சிட்டேன். கொஞ்சம் படிச்சும்புட்டேன்."

"எனக்குப் படிக்கத் தெரியாதுங்களே. எப்படியும் ஒங்க வாயாலதானே கேக்கணும். சொல்லுங்க."

அவர் வாசித்தார். கம்பளி வாசம் என்ற இடத்தில் அவள் தோளில் கிடந்த கம்பளியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். சிவஞானம் தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கடைசியில் இப்படி இருந்தது: 'இருக்குற எடம் இன்னும் நிலைக்கலை. அடுத்த கடுதாசியில எடத்தையும், நீ எப்ப எப்படி வரணும்கிறதையும் சொல்றேன்.'

"இன்னொரு தரம்" என்றாள். மூன்று தரம் வாசித்தார்.

பிறகு ஐயா சொன்னதைச் சொன்னார். இனி இங்கே கடிதம் வரக்கூடாது. அவள் உடனே எழுந்து மயில்வாகனத்தின் அறை வாசலில் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"ஒண்ணே ஒண்ணுங்க சாமி. அடுத்ததுலதான் எடத்தச் சொல்றேன்னிருக்காரு. அது வந்துட்டா நான் இந்தப் பக்கமே வரமாட்டேன்."

"பிள்ளை, எனக்கு ஒண்டும் சொல்லாதை" என்றார் மயில்வாகனம், முகத்தைக் கடுமையாக்கிக்கொண்டு. "இதை நான் கேட்டால் எனக்குத் தெரிஞ்சதாகும். வேறை ஆரும் நம்பிக்கையான ஆளின்ரை விலாசத்தைக் குடு."

"எந்த வெலாசத்தக் குடுத்தாலும் அத அவருக்கு எங்கன்னு எழுதிச் சொல்றதுங்க?"

மயில்வாகனம் ஒரு வழக்குக் கட்டை இழுத்துப் பிரித்தார். அவள் கடிதத்தை மட்டும் வாங்கி ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு போனாள்.

மார்கழி பிறந்து இரண்டாவது வாரம் அந்த அடுத்த கடிதம் வந்தது. அன்றைக்கு நேரம் சரியில்லை. முதல் நாள்தான் கங்காணியின் பிறக்கிராசி கோர்ட்டு வராந்தாவில் மயில்வாகனத்தை நிறுத்தி, மாரிசாமியைப் பற்றி ஏதாவது தெரியுமா என்று சிரித்துக்கொண்டே கேட்டிருந்தார். தபால்காரன் உறைகளை நீட்டும்போது மயில்வாகனம் சிவஞானத்தின் பக்கத்திலேயே நின்றார். தமிழ் எழுத்தை இருவரும் ஒரே நேரத்தில் பார்த்தார்கள்.

"திருப்பிக் குடும்."

"ஐயா, இதுலதான்…"

"எனக்கு முன்னாலை எழுதிக் குடும்."

சிவஞானம் பேனாவை மையில் தோய்த்தார். தபால்காரன் காத்துக்கொண்டு நின்றான். உறையின் மேல் ஆங்கிலத்தில் எழுதினார். அதன்கீழ், பத்திரங்களுக்கு எழுதுகிற அதே அழகான எழுத்தில் தமிழிலும் எழுதினார்: ஏற்க மறுக்கப்பட்டது. மை காயும்வரை ஊதிக் கொடுத்தார். உறை தடிப்பாக இருந்தது. தபால்காரன் பையில் போட்டுக்கொண்டு படியிறங்கினான். கூப்பிட்டு நிறுத்த வேண்டும் என்று சிவஞானத்துக்குத் தோன்றியது. ஆனால் அவர் கூப்பிடவில்லை.

தைப் பொங்கலுக்கு மறுவாரம் வேலாயி வந்தாள். அவர் மறைக்கவில்லை. வந்தது, திருப்பி அனுப்பிவிட்டேன் என்று நின்றபடியே சொன்னார். அவள் அழுவாள், ஏசுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தாள்.

"கையில வச்சிருந்தீங்களா?"

"வச்சிருந்தேன்."

"கனமா இருந்துச்சுங்களா?"

"மூணு நாலு தாள் இருக்கும்."

"மூணு நாலு தாளா?" அவள் விரல்களால் தரையைத் தடவினாள். "ஒரு நாளைக்குப் பத்து வார்த்தைகூடப் பேசாத மனுசன். அம்புட்டு என்னத்தச் சொல்லியிருப்பாரு?"

சிவஞானத்துக்கு அந்த இடத்தில் நிற்க முடியவில்லை.

அன்றைக்கே அவர் கொழும்புக்கு எழுதினார். கைசேராத கடிதங்களைப் பார்க்கிற தபால் பிரிவிலிருந்து பதினைந்து நாளில் பதில் வந்தது. உள்ளே கண்ட விலாசத்தின்படி கடிதம் அனுப்பியவருக்கே சேர்க்கப்பட்டது, விலாசத்தை வெளியிட இயலாது. அதைப் படித்தபோதுதான் இன்னொன்று அவருக்கு உறைத்தது. மாரிசாமியின் கைக்கு அந்த உறை போயிருக்கிறது. அவனுக்காக யாரோ அந்த இரண்டு வார்த்தையை வாசித்துக் காட்டியிருப்பார்கள். மறுத்தது யார் என்று அதில் இல்லை. வேலாயி மறுத்துவிட்டாள் என்றல்லவா அவன் நினைப்பான்?

அதன்பிறகு தலைமன்னார் முத்திரையோடு ஒரு கடிதமும் வரவில்லை.

மாசி மாதம் ஒரு மத்தியானம் சிவஞானம் ஐயாவின் முன்னால் போய் நின்றார். "ஐயா, எனக்கு லீவு வேணும். அக்கரைக்குப் போயிட்டு வரேன்."

"உம்மடை முறை அடுத்த வருஷமல்லோ?"

"இப்ப மன்னார் வழியா ரெயிலும் கப்பலும் விட்டிருக்காங்க. போற வழி தலைமன்னார்."

மயில்வாகனம் கையிலிருந்த பேனாவை வைத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சட்டப்படி நான் செய்தது சரி" என்றார். பிறகு, "அவனுக்கு அது எப்படிப் போய்ச் சேருமெண்டு நான் யோசிக்கேல்லை. போயிட்டு வாரும். அவள் வந்தால் நான் பாத்துக்கொள்ளுறன். ஒரு மாத நோட்டீஸ் குடுத்தால் அவளை ஒருத்தரும் தோட்டத்திலை மறிக்கேலாது. அதை நானே எழுதிக் குடுக்கிறன். அது எங்கடை வேலைதானே."

பொல்காவலையில் வண்டி மாறி, மதவாச்சி தாண்டி, பனையும் மணலுமாகக் கிடந்த பூமிக்குள் ரெயில் போனது. மாரிசாமி எழுதியது சரிதான். மலை என்ற பேச்சே இல்லை. தலைமன்னாரில் சிவஞானம் இறங்கிப் கப்பல் நிற்கும் பாலத்துறையில் மூட்டை சுமக்கிறவர்களிடமும், ரெயில் பாதையில் கல் கொட்டுகிறவர்களிடமும் விசாரித்தார். பூனாகலை மாரிசாமி என்று ஒருவரும் இல்லை. பேரை மாற்றிக்கொண்டவனை எந்தப் பேர் சொல்லித் தேடுவது? கோர்ட்டுப் பக்கத்து ஆள் போலச் சட்டையும் குடையுமாக வந்து கேட்கிறவரிடம் யார்தான் சொல்வார்கள்?

இரண்டாம் நாள், சரளைக் கல் குவியலுக்குப் பக்கத்தில் ஒருவன் தன்னையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டார். உயரமான, ஒடுங்கிய கன்னங்களுள்ள ஆள். சிவஞானம் கிட்டப் போனதும் அவன் கூடையைத் தூக்கிக்கொண்டான்.

"மாரிசாமியா? அப்படி யாரும் இங்க இல்லீங்க. போய்ட்டு வாங்க."

"இருக்க வேணாம்" என்றார் சிவஞானம். "நீங்க கேட்டா போதும். பதுளை பிறக்கிராசி கந்தோர்ல நான் கிளாக்கு. மார்கழி மாசம் ஒரு கடிதம் வந்துச்சு. அதை வாங்காம திருப்பினது நான். வேலாயி அதைக் கண்ணாலகூடப் பார்க்கலை. உறைமேல எழுதினது என் கை."

அவன் கூடையை இறக்கவில்லை. "என்ன எழுதுனீங்க?"

"ஏற்க மறுக்கப்பட்டதுன்னு."

"எழுதிக் காட்டுங்க."

"எங்க?"

அவன் காலால் மணலைச் சமன் செய்தான். சிவஞானம் குடையைக் கீழே போட்டுவிட்டு, குந்தி உட்கார்ந்து, விரலால் மணலில் எழுதினார். அவன் கூடையை இறக்கி வைத்தான். இடுப்பு மடிப்பிலிருந்து நாலாக மடித்து வியர்வையில் நைந்துபோன ஓர் உறையை எடுத்து, மணலுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு பார்த்தான். படிக்கத் தெரியாதவன்தான். ஆனால் அந்த இரண்டு வார்த்தையின் வளைவு நெளிவெல்லாம் அவனுக்கு மனப்பாடமாக இருந்தது. எத்தனை நாள் அதையே பார்த்துக்கொண்டிருந்தானோ. ஒவ்வொரு எழுத்தாக ஒத்துப் பார்த்து முடித்தவன், மணலில் கிடந்ததைப் பாதத்தால் அழித்தான். ஒரு தரம் அழித்தது போதாது என்பது போலத் திரும்பத் திரும்ப அழித்தான்.

"அவ எழுதச் சொன்னான்னு நெனச்சேங்க" என்றான். "கங்காணிக்குப் பயந்து சொல்லிட்டான்னு நெனச்சேன். அப்புறம் நான் விட்டுட்டு ஓடியாந்த கோவம்னு நெனச்சேன். அவ மேல குத்தம் சொல்ல மனசு வரலீங்க. இந்த எடத்த விட்டுப் போகவும் முடியல."

"என்னை மன்னிச்சுக்கணும்."

அவன் "எப்படி இருக்கா?" என்று மட்டும் கேட்டான்.

சிவஞானம் தெரிந்ததையெல்லாம் சொன்னார். செம்மண் பாதம், மூன்று தரம் வாசிக்கச் சொன்னது, கம்பளியை மடியில் எடுத்து வைத்துக்கொண்டது, கடிதம் கனமாக இருந்ததா என்று கேட்டது. மாரிசாமி கடலைப் பார்த்தபடியே கேட்டான். ஒரு மாத நோட்டீஸ் விஷயத்தைச் சொல்லிவிட்டு, "அந்தக் கடிதத்தைக் குடுங்க. படிச்சு, விஷயத்தை எழுதிப் பதுளைக்கு அனுப்பிடறேன்" என்றார் சிவஞானம்.

மாரிசாமி உறையை மடித்து மறுபடி இடுப்பில் செருகிக்கொண்டான். "வேணாங்க. இது அவளுக்குச் சொன்னது. நான் இருக்குற எடத்த மட்டும் எழுதுங்க. நான் இங்கயே நிக்கிறேன்னு எழுதுங்க. மிச்சத்த நேர்ல சொல்லிக்கிறேன்."

அந்த இரண்டு வரியை எழுதி, உறையில் மயில்வாகனத்தின் பெயரைப் போட்டு அனுப்பிவிட்டுச் சிவஞானம் கப்பலேறினார்.

மணப்பாறையில் இறங்கி ஊருக்குப் போய்ச் சேர்ந்தபோது நல்ல வெயில். புஷ்பம் முற்றத்தில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அவரைக் கண்டதும் கையிலிருந்த முறத்தைப் போட்டுவிட்டு எழுந்தாள்.

"என்ன ஆச்சு? யாருக்கு என்ன? இது உங்க வருஷம் இல்லையே!"

"யாருக்கும் ஒண்ணுமில்லை. பார்க்கணும்போல இருந்துச்சு. வந்தேன்."

அவள் அவர் முகத்தையே பார்த்தாள். விளையாட்டுக்குச் சொல்கிறாரா என்று தேடினாள். அவர் சிரிக்கவில்லை. மிளகாய்க் கையென்பதை மறந்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கண் எரிந்து நீர் கொட்டியது. அந்த எரிச்சல் போன பிறகும் நீர் நிற்கவில்லை.

ஒரு நாள் மாலை, மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டு நின்றவளிடம் அவர் கேட்டார். "பதினாறு வருஷமா உன் கடிதத்துல மழையும் மாடும்தான் வருது. வேற ஒண்ணுமே சொல்லத் தோணாதா உனக்கு?"

"அண்ணன் பேனாவும் கையுமா உக்காந்திருப்பாரு. பக்கத்துல மதினி. அவங்களுக்கு முன்னாடி நின்னு நான் என்னத்தைச் சொல்ல? மழை பெஞ்ச அன்னைக்கெல்லாம் உங்க நெனப்பு வரும். மழை பெஞ்சுதுன்னு சொல்லுவேன்."

மழை பற்றி வந்த கடிதங்கள் எத்தனை என்று சிவஞானத்துக்கு நினைவில்லை. படித்துவிட்டுக் கிழித்துப் போட்டவர் அவர்தான்.

நாற்பதாம் நாள் புறப்பட்டார். கூட வருகிறாயா என்று கேட்டார். மாமியாரை யார் பார்ப்பது என்றாள் அவள். கண்மாய்க் கரை வரை வந்தாள். திரும்பிப் பார்த்தபோதெல்லாம் நின்றுகொண்டே இருந்தாள்.

தலைமன்னாரில் மாரிசாமியைத் தேடினார். இப்போது கேட்டதும் சொன்னார்கள். நாலு நாளைக்கு முன் மதியத்து ரெயிலில் அவன் சம்சாரம் வந்தாளாம். பத்து நாளாகவே வருகிற ஒவ்வொரு வண்டிக்கும் போய் நின்றவன், அன்றைக்கு மட்டும் கிட்டப் போகத் தைரியம் இல்லாமல் தூரத்திலேயே நின்றுவிட்டானாம். அவளே பார்த்து நடந்து வந்து, தோளிலிருந்த கம்பளியை எடுத்து அந்த வெயிலில் அவன்மேல் போர்த்திவிட்டாளாம். பார்த்தவர்கள் இன்னும் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த கப்பலில் இரண்டு பேரும் அக்கரைக்குப் போய்விட்டார்கள்.

பதுளையில் மயில்வாகனம் தம் பங்குக்குச் சொன்னார். "நோட்டீசை நானே தோட்டத்துக் கந்தோருக்குக் கொண்டுபோய்க் குடுத்தன். கங்காணி முழுசிக்கொண்டு நிண்டவன். வெளிக்கிட முதல் அவள் இஞ்ச வந்தவள். உம்மடை கதிரையைப் பாத்து, கிளாக்கரய்யா இன்னும் வரேல்லையோ எண்டு கேட்டவள். சொல்ல ஏதோ இருந்திருக்க வேணும். எனக்குச் சொல்லேல்லை." பிறகு, "இனி அவை ஏதும் எழுதினால் வாங்கி வையும். திருப்பவேண்டாம்" என்றார்.

சிவஞானம் புஷ்பத்துக்கு எழுதினார். அவள் அண்ணன்தான் வாசிப்பார் என்று தெரிந்தே, பதுளையில் மூன்று நாளாக மழை என்று எழுதினார்.

மறுநாளிலிருந்து அவர் உறைகளை மொத்தமாகக் கிழிப்பதை விட்டுவிட்டார். ஒவ்வொன்றாகத் திருப்பி, மேல்விலாசத்தைப் படித்துவிட்டுத்தான் கத்தியை வைப்பார். அந்த நாலு தாளில் என்னதான் இருந்தது என்பது அவருக்குக் கடைசிவரை தெரியவில்லை. அந்த இருவரிடமிருந்தும் ஒரு வரி வரவில்லை. ஒரே வீட்டில் இருக்கிறவர்களுக்குக் கடிதம் எதற்கு என்று அவருக்கே தெரியும். தெரிந்தும், கோச்சுச் சத்தம் கேட்டதும் வேலையை வைத்துவிட்டு வாசலுக்கு எழுந்து போனார்.